லண்டன் பென்சனோடு ஊருக்குத் திரும்பலாமா?

கேள்வி: 2025 ஏப்ரல் 7

லெஸ்டரிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "அடுத்த ஆண்டு எனக்குப் பென்சன் வயது. முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் நேஷனல் இன்சூரன்ஸ், அதாவது சம்பளத்தில் கழியும் அரச காப்புறுதிப் பணம், கட்டியிருக்கிறேன். யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரியில் அம்மாவின் வீடு பூட்டிக் கிடக்கிறது. பென்சன் எந்த நாட்டுக்கும் வரும், பெரிய நோய் என்றால் விமானம் ஏறி வந்து என்.எச்.எஸ். என்னும் பிரித்தானிய அரச மருத்துவச் சேவையின் வைத்தியசாலையில் காட்டலாம், ஆகவே ஊருக்குப் போவதில் இழப்பு எதுவும் இல்லை என்று நண்பர்கள் சொல்கிறார்கள். சரிதானே?"

2025 ஏப்ரல் 8

பென்சன் வரும் என்பது சரி. ஆனால் அந்தத் தொகை ஆண்டுதோறும் உயராது. வைத்தியத்துக்கு விமானம் ஏறி வரலாம் என்பதோ முழுத் தவறு. அதை நம்பி யாரும் வீட்டை விற்க வேண்டாம்.

பிரித்தானிய அரச ஓய்வூதியம் ஒவ்வொரு ஏப்ரலிலும் கூடுகிறது. விலைவாசி உயர்வு, சராசரிச் சம்பள உயர்வு, இரண்டரை வீதம் ஆகிய மூன்றில் எது பெரிதோ அந்த அளவுக்குக் கூடும். இந்த உயர்வு பிரித்தானியாவில் வாழ்பவருக்கும், ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலும் சுவிட்சர்லாந்திலும் வாழ்பவருக்கும், உயர்வுக்கு இடம் தரும் உடன்படிக்கை உள்ள இன்னும் சில நாடுகளில் வாழ்பவருக்கும் மட்டுமே. இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. இந்தியாவும் இல்லை. நீங்கள் புறப்படும்போது வாரத்துக்கு எவ்வளவோ, எண்பத்தைந்து வயதிலும் அதேதான்.

ஒரு கணக்குப் போடுவோம். 2019இல் முழுப் புதிய ஓய்வூதியம் வாரத்துக்கு 168.60 பவுண்ட். அந்தத் தொகையோடு யாழ்ப்பாணம் வந்தவருக்கு இன்றும் 168.60 தான். அதே வயதுடைய அவரது நண்பர் லெஸ்டரிலேயே இருந்திருந்தால் 2025 ஏப்ரல் முதல் அவருக்கு 230.25. வாரத்துக்கு 61.65 பவுண்ட் வித்தியாசம், ஆண்டுக்கு 3,200க்கு மேல். ஆறே ஆண்டில் இவ்வளவு இடைவெளி. இருபது ஆண்டு உயிரோடு இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்பவர்கள் இந்தக் கணக்கையும் இருபது ஆண்டுக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

2025 ஏப்ரல் 8, இரவு

நானும் 2019இல் வந்தவன்தான். தெரிந்தேதான் வந்தேன். வந்தது தவறு என்று சொல்ல இதை எழுதவில்லை. தெரியாமல் வந்து எழுபத்தைந்து வயதில் திகைத்து நிற்பவர்களை இங்கே பார்க்கிறேன். எழுதுவது அதற்காக.

2025 ஏப்ரல் 11

"இலங்கைக்கு உடன்படிக்கை இல்லை, அதனால் கிடைக்கவில்லை. கனடாவுக்கு இருக்கிறதே, மகனிடம் டொராண்டோ போய்விடலாமே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கவனம். கனடாவுடனும் நியூசிலாந்துடனும் பிரித்தானியாவுக்குச் சமூகப் பாதுகாப்பு உடன்படிக்கை இருக்கிறது, ஆனால் அதில் பென்சன் உயர்வு அடங்காது. டொராண்டோ போனாலும் தொகை உறைந்தே நிற்கும். ஆஸ்திரேலியாவுடன் இருந்த உடன்படிக்கை 2001இல் முடிந்துபோனது. அங்கும் உறைவு.

அமெரிக்காவில் உயர்வு உண்டு. பிலிப்பைன்ஸில் உண்டு. மொரிசியஸ், ஜமைக்கா, பார்படோஸ், இஸ்ரேல், துருக்கி எல்லாவற்றிலும் உண்டு. நயாகரா நீர்வீழ்ச்சியின் அமெரிக்கக் கரையில் வீடெடுத்தால் ஒவ்வொரு ஏப்ரலும் பென்சன் கூடும், எதிரே தெரியும் கனடாக் கரையில் எடுத்தால் கூடாது. இதற்கு நியாயம் என்ன என்று கேட்டால், அந்தந்த நாட்டோடு அந்தக் காலத்தில் செய்த உடன்படிக்கை அப்படி என்பதைத் தவிர வேறு பதில் கிடையாது. கனடா அரசு பலமுறை பேச முன்வந்தது. லண்டன் மறுத்துவிட்டது.

வழக்குப் போடலாமே என்பவர்களுக்கு: போட்டாயிற்று. ஆனெட் கார்சன் 1990இல் தென்னாப்பிரிக்காவில் குடியேறியவர். 2000ஆம் ஆண்டு அவருக்குப் பென்சன் தொடங்கியபோது அடிப்படைத் தொகை 67.50 பவுண்ட். அதன்பின் அது அசையவில்லை. அன்று பிரித்தானியாவின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபையில் 2005இல் வழக்கில் தோற்றார். ஸ்ட்ராஸ்பூர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பேரமர்வு 2010 மார்ச்சில் 11க்கு 6 என்ற கணக்கில் அரசின் பக்கம் தீர்ப்பளித்தது. கட்டிய காப்புறுதிப் பணம் பென்சனுக்கென்று தனியே ஒதுக்கப்பட்டதல்ல, அதனால் கட்டியதைக் காட்டி உயர்வை உரிமையாகக் கேட்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம். சம்பளத் துண்டில் வாராவாரம் அந்தக் கழிவைப் பார்த்துப் பார்த்து வாழ்ந்த எனக்கு அந்த வாதம் இன்றும் ஏற்கவில்லை. எதிர்த்து நின்ற ஆறு நீதிபதிகளுக்கும் ஏற்கவில்லை.

2025 ஏப்ரல் 13

"ரூபாய் விழுந்ததே, உங்களுக்கு லாபம்தானே" என்று கேட்ட தம்பிக்கு.

2019இல் ஒரு பவுண்டுக்கு 230 ரூபாயை ஒட்டிக் கிடைத்தது. இன்று நானூறை ஒட்டிக் கிடைக்கிறது. கையில் வரும் ரூபாய் கூடியது உண்மை. ஆனால் 2022 செப்டம்பரில் இலங்கையின் பணவீக்கம் எழுபது வீதத்தைத் தொட்டது. அந்த ஆண்டு மண்ணெண்ணெய்க்கு வரிசை, எரிவாயுவுக்கு வரிசை. மருந்துக் கடைகளில் வழக்கமான இரத்த அழுத்த மாத்திரையே இல்லை. லண்டனிலிருந்து வந்தவர்களின் பெட்டிகளில்தான் எனக்கு மாத்திரை வந்தது. கூடுதலாகக் கிடைத்த ரூபாய் அரிசிக்கும் மீனுக்கும் பால்மாவுக்கும் போய்விட்டது. அதன்பிறகு ஏறும் வேகம் குறைந்தது, 2024 கடைசியிலிருந்து விலைகள் சற்று இறங்கவும் செய்தன, ஆனால் பழைய விலைக்குத் திரும்பவில்லை.

நாணய மாற்று விகிதம் நம் கையில் இல்லாத ஒன்று. நம்மைக் காப்பாற்ற வேண்டியது ஆண்டுதோறும் வரும் உயர்வு. அதைப் பறித்துவிட்டு ரூபாயின் வீழ்ச்சியை நம்பி இரு என்று முதியவரிடம் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

2025 ஏப்ரல் 19

இனி வைத்தியம். இதைப் பற்றித்தான் தனிமடல்கள் அதிகம் வருகின்றன.

என்.எச்.எஸ். சேவை கட்டிய காப்புறுதிப் பணத்துக்கான கைம்மாறு அல்ல. பிரித்தானியாவை நிலையான வசிப்பிடமாகக் கொண்டவர்களுக்கு அது இலவசம், அவ்வளவுதான். நாற்பது ஆண்டு வரி கட்டியிருந்தாலும், பிரித்தானியக் கடவுச்சீட்டு கையில் இருந்தாலும், நீங்கள் யாழ்ப்பாணத்தில் குடியேறிய நாள் முதல் அங்கே ஒரு வருகையாளர். வைத்தியசாலைச் சிகிச்சைக்கு என்.எச்.எஸ். தன் வழக்கமான கட்டணத்தின் ஒன்றரை மடங்கை உங்களிடம் கேட்கும். ஜி.பி. என்னும் குடும்ப வைத்தியரைப் பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. அவசர சிகிச்சைப் பிரிவிலும் இல்லை. ஆனால் அங்கிருந்து வார்டில் அனுமதித்த கணத்திலிருந்து கணக்கு ஓடத் தொடங்கும்.

என்னோடு வேலை செய்த நண்பர் ஒருவர் வவுனியாவில் குடியேறியிருந்தார். பேத்தியின் பூப்புனித நீராட்டு விழாவுக்கு லண்டன் போன இடத்தில் பக்கவாதம் வந்தது. அவசரப் பிரிவில் நன்றாகப் பார்த்தார்கள். வார்டுக்கு மாற்றிய இரண்டாம் நாள், எங்கே வசிக்கிறீர்கள் என்று கேட்கும் படிவத்தோடு ஓர் அலுவலர் கட்டிலருகே வந்தார். வாய் குழறிய நிலையிலும் நண்பர் உண்மையைச் சொன்னார். மகள் தவணை முறையில் பணம் கட்டினாள். அந்த அலுவலரைக் குறை சொல்ல மாட்டேன், அவர் தன் கடமையைச் செய்தார். ஆனால் அந்த வைத்தியசாலை இருக்கும் அதே பகுதியில்தான் நண்பர் தன் வாழ்நாளின் பெரும்பகுதி உழைத்தார்.

ஊரில் குடியேறியவர்கள் லண்டனுக்கு விருந்தாளியாகப் போகும்போது பயணக் காப்புறுதி எடுத்துக்கொண்டே போக வேண்டும். "நம்ம நாடுதானே" என்ற எண்ணத்தில் யாருமே எடுப்பதில்லை.

ஐரோப்பா வேறு கதை. பிரித்தானியப் பென்சன் வாங்கும் ஒருவர் பாரிஸில் மகளோடு போய் முறைப்படி குடியேறினால், எஸ்1 என்ற படிவத்தின் மூலம் அவரது வைத்தியச் செலவைப் பிரித்தானியாவே பொறுப்பேற்கிறது. பென்சனும் ஆண்டுதோறும் கூடும். அவர் கட்டியதும் நான் கட்டியதும் ஒரே நேஷனல் இன்சூரன்ஸ்.

2025 ஏப்ரல் 20

நேற்று எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். உண்மையிலேயே பிரித்தானியாவுக்குத் திரும்பி வந்து குடியேறினால் உரிமையும் அன்றே திரும்பிவிடும், காத்திருப்புக் காலம் கிடையாது. ஆனால் குடியேறத்தான் வந்தேன், சத்திரசிகிச்சைக்கு மட்டும் வரவில்லை என்பதைக் காட்ட வேண்டும். வீட்டு வாடகை ஒப்பந்தம், கவுன்சில் வரி, ஊரில் வீட்டை ஒப்படைத்ததற்கான கடிதம் போன்றவை உதவும். பென்சனும் அன்றைய முழு விகிதத்துக்கு உயரும்.

பேரப்பிள்ளைகளைப் பார்க்கச் சில வாரங்கள் லண்டனில் தங்கினாலும், அந்த வாரங்களுக்கு உயர்த்திய விகிதத்தைக் கேட்டுப் பெறலாம். ஊர் திரும்பியதும் பழைய தொகைதான். இப்படி ஒரு வழி இருப்பது பலருக்குத் தெரியாது. பிரித்தானிய அரசின் சர்வதேச ஓய்வூதிய மையத்துக்குத் திகதிகளைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.

2025 மே 2

உயிர்வாழ்வுச் சான்று பற்றிக் கோண்டாவில் அம்மா ஒருவர் கேட்டிருந்தார். வெளிநாட்டில் இருக்கும் பென்சன்காரர்களுக்கு அவ்வப்போது தபாலில் ஒரு படிவம் வரும். நீங்கள் உயிரோடு இருப்பதை உறவினர் அல்லாத ஒருவர் நேரில் பார்த்து ஒப்பமிட வேண்டும். வைத்தியர், சட்டத்தரணி, வங்கி அதிகாரி, சமாதான நீதவான் போன்றவர்கள் பொருத்தம். திருப்பி அனுப்பாவிட்டால் பென்சன் நிறுத்தப்படும்.

சிக்கல் தபாலில்தான். எனக்கு வர வேண்டிய படிவம் ஒருமுறை வரவே இல்லை. பணம் நின்ற பிறகுதான் விஷயம் தெரிந்தது. பின்னர் நிலுவையோடு கொடுத்துவிட்டார்கள், ஆனால் அதற்கு இடைப்பட்ட மாதங்களில் கையிருப்பில் வாழ வேண்டியிருந்தது. அம்மா, உங்களுக்கு நான் சொல்வது இதுதான்: மூன்று நான்கு மாதச் செலவுக்கான பணத்தைத் தனியாக வைத்திருங்கள். விலாசம் மாறினால் உடனே எழுதுங்கள். படிவம் வந்த அன்றே ஒப்பம் வாங்கிப் பதிவுத் தபாலில் போடுங்கள், பிரதியையும் வைத்திருங்கள்.

2025 மே 3

கிராம சேவகர் ஒப்பமிடலாமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். படிவத்துடன் வரும் குறிப்பில் யார் யார் ஒப்பமிடலாம் என்று அச்சிட்டிருக்கும். அதில் உள்ள ஒருவரிடமே போங்கள். வாதாடும் நேரத்தில் ஒரு சட்டத்தரணியிடம் போய்வந்துவிடலாம்.

2025 ஜூன் 14

கனடாவில் ஸ்காபரோவில் இருக்கும் என் மைத்துனி தொலைபேசியில் அரை மணி நேரம் பேசினாள். லண்டன்காரர் பற்றியே எழுதுகிறீர்கள், எங்களைப் பற்றி எழுத மாட்டீர்களா என்று கேட்டாள். எழுதுகிறேன்.

கனடாவின் முதியோர் பென்சன், அதாவது ஓ.ஏ.எஸ்., வேலை செய்த காலத்தைப் பார்ப்பதில்லை, வசித்த காலத்தையே பார்க்கிறது. பதினெட்டு வயதுக்குப் பின் கனடாவில் இருபது ஆண்டு வசித்திருந்தால் உலகின் எங்கிருந்தும் அதைப் பெறலாம். இருபது நிறையாதவர் வெளியே போனால் ஆறு மாதத்துக்குப் பிறகு நிற்கும். பிள்ளைகள் அழைத்து அறுபது வயதில் போன அப்பா அம்மாக்களைத்தான் இது வாட்டுகிறது. பத்து ஆண்டு நிறைந்து பென்சன் தொடங்கியதும் ஊருக்குப் போய் இருக்கலாம் என்று எண்ணுகிறார்கள். முடியாது. வருமானம் குறைந்தவர்களுக்குத் தரும் கூடுதல் உதவித்தொகையோ எத்தனை ஆண்டு வசித்தவருக்கும் ஆறு மாதத்துக்கு மேல் வெளியே வராது. உழைத்துக் கட்டிய சி.பி.பி. என்னும் கனடா ஓய்வூதியத் திட்டப் பணம் மட்டும் எங்கே போனாலும் வரும், விலைவாசிக்கேற்ப உயர்ந்தும் வரும். இந்த ஒரு விஷயத்தில் கனடா தன் மக்களை நடத்தும் விதம் பிரித்தானியாவைவிட எவ்வளவோ மேல்.

வைத்தியத்துக்கு ஒன்ராறியோ மாகாணத்தில் ஓஹிப் என்னும் அரச மருத்துவக் காப்புறுதி. எந்தப் பன்னிரண்டு மாதத்தை எடுத்தாலும் 153 நாட்கள் மாகாணத்தில் இருக்க வேண்டும். அதனால்தான் மைத்துனி பனி தொடங்க இணுவில் வந்து, வெயில் தொடங்கத் திரும்பிவிடுகிறாள். இரண்டு வீட்டுச் செலவு, இரண்டு பயணச் சீட்டு. ஆனால் எதையும் இழக்கவில்லை. உடம்பில் பலம் இருக்கும்வரை இது நல்ல ஏற்பாடு.

2025 ஜூலை 6

திருச்சியில் குடியேறியிருக்கும் ஒருவர், நம் ஊர்க்காரர்தான், பிரித்தானியக் குடிமகன், மருத்துவக் காப்பீடு பற்றி எழுதியிருக்கிறார். எழுபது வயதாகிவிட்டது, இனி யார் தருவார்கள் என்கிறார். இந்தியாவின் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 ஏப்ரல் முதல் புதிய மருத்துவக் காப்பீடு எடுக்க இருந்த 65 வயது வரம்பை நீக்கிவிட்டது. ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலமும் நான்கு ஆண்டிலிருந்து அதிகபட்சம் மூன்று ஆண்டாகக் குறைந்தது. வயது ஏற ஏறப் பிரீமியம் கடுமையாக ஏறும் என்பது வேறு. ஐயா, அதனால்தான் சொல்கிறேன், காத்திருப்புக் காலம் சுகமாக இருக்கும்போதே கழிய வேண்டும். இந்த மாதமே எடுங்கள்.

2025 ஆகஸ்ட் 30

நல்லூர்த் திருவிழா முடிந்த பிறகுதான் எழுத நேரம் கிடைத்தது. வீடு நிறைய லண்டன் உறவுகள். இரவு முற்றத்தில் இதே பேச்சு. "நீங்கள் சொல்வதை எல்லாம் கேட்டால் யாரும் ஊருக்கு வர மாட்டார்கள்" என்று என் தம்பி கடிந்துகொண்டான். அதை யோசித்துப் பார்த்தேன்.

அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஊரில் எனக்குக் கிடைத்ததை நான் எழுதவே இல்லை. குடியுரிமையை மீளப் பெற்றுக்கொண்டால் இலங்கையில் அரச வைத்தியசாலைச் சிகிச்சை இலவசம். பிரித்தானியக் குடியுரிமை எடுத்தபோது நம்மில் பலருக்கு இலங்கைக் குடியுரிமை தானாகவே போய்விட்டது. ஐம்பத்தைந்து வயதைக் கடந்தவர்கள் அந்த வயதையே காரணமாகக் காட்டி இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். வருவதற்கு முன்பே இதை முடித்துக்கொண்டு வாருங்கள். என் மனைவியின் கண்புரைச் சிகிச்சை இங்கே அரச வைத்தியசாலையில்தான் நடந்தது. கூட்டம் அதிகம், வாங்கில் காத்திருந்தோம், ஆனால் வைத்தியரின் கைவண்ணத்தில் ஒரு குறையும் இல்லை. வெளியே வந்ததும் அவள் முதலில் வாசித்தது எதிரே இருந்த கடைப் பெயர்ப்பலகையை.

எழுபத்திரண்டு வயதில் இது போதும். எண்பத்தைந்தில்? குளிக்கவும் சாப்பிடவும் துணை வேண்டிய வயதில், பிள்ளைகள் மூவரும் ஐயாயிரம் மைலுக்கு அப்பால். அப்போது திரும்பிப் போகலாம் என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். அந்தத் திரும்புதலில் இருக்கும் பள்ளத்தை யாரும் பேசுவதில்லை. முதியோர் பராமரிப்புக்குத் தரும் அட்டெண்டன்ஸ் அலவன்ஸ், 2025-26 விகிதத்தில் தேவையைப் பொறுத்து வாரத்துக்கு 73.90 அல்லது 110.40 பவுண்ட். கடைசி மூன்று ஆண்டில் இரண்டு ஆண்டாவது பிரித்தானியாவில் இருந்திருந்தால்தான் அது கிடைக்கும். வாழ்வின் இறுதிக் கட்ட நோயாளிகளுக்கு மட்டும் விலக்கு. வருமானம் குறைந்தவர்களுக்கான பென்சன் கிரெடிட் கேட்டால், நீங்கள் உண்மையில் அங்கே வசிக்கிறீர்களா என்ற விசாரணையைக் கடந்தாக வேண்டும். படுக்கையில் விழுந்த பிறகு திரும்பினால், வைத்தியம் கிடைக்கும், பராமரிப்புக்கான அந்தப் பணம் உடனே கிடைக்காது. அந்தப் பாரம் முழுவதும் மகளின் தலையில்.

ஆகவே தம்பி, வராதே என்று நான் சொல்லவில்லை. திரும்பிப் போவதாக இருந்தால் நடக்க முடிகிற காலத்திலேயே போய்விட வேண்டும். அந்த முடிவை மனைவியும் நானும் எழுபத்தெட்டு வயதில் எடுப்பதாகப் பேசிவைத்திருக்கிறோம். அதுவரை லண்டன் பென்சனில் ஒரு பகுதியை அந்த நாளுக்கென்று ஒதுக்கிவைக்கிறோம்.

2025 ஆகஸ்ட் 31

"எழுபத்தெட்டில் உங்களால் ஊரை விட்டுப் போக மனம் வருமா" என்று மனைவி இன்று காலை கேட்டாள். பதில் சொல்லவில்லை.

2025 நவம்பர் 28

பிரித்தானிய வரவு செலவுத் திட்டம் வந்துவிட்டது. வரும் ஏப்ரலில் பென்சன் 4.8 வீதம் கூடுகிறது. முழுப் புதிய ஓய்வூதியம் 241.30 ஆகும். 2019இல் 168.60இல் உறைந்தவருக்கு இடைவெளி அப்போது வாரத்துக்கு 72.70.

வெளிநாட்டில் வேலை பார்க்கும் இளையவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். துபாயிலோ சிங்கப்பூரிலோ இருந்துகொண்டு, முன்பு பிரித்தானியாவில் வேலை செய்த தகுதியில் இரண்டாம் வகுப்பு நேஷனல் இன்சூரன்ஸை வாரம் 3.50 பவுண்டுக்குத் தாமாகவே கட்டி வந்தவர்கள் பலர். ஓர் ஆண்டுக்கு 182 பவுண்ட்தான். 2026 ஏப்ரலோடு வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு அந்த வழி மூடப்படுகிறது. இனி மூன்றாம் வகுப்பு மட்டுமே, அதன் 2025-26 விகிதம் வாரத்துக்கு 17.75. புதிதாகக் கட்டத் தொடங்குபவர் பத்து ஆண்டு பிரித்தானியாவில் வசித்தோ கட்டியோ இருக்கவும் வேண்டும். விலை கூடினாலும் கணக்கு இன்னும் லாபமானதுதான்: ஓர் ஆண்டு கட்டினால் முழுப் பென்சனில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு ஆயுள் முழுவதும் வரும். ஆனால் மொத்தம் பத்து ஆண்டாவது சேராவிட்டால் ஒரு பென்னியும் வராது.

2025 டிசம்பர் 9

லெஸ்டர்க்காரர் எழுதியிருக்கிறார். வீட்டை விற்கவில்லை, வாடகைக்கு விடப்போகிறாராம். முதல் இரண்டு ஆண்டு குளிர்காலத்தை மட்டும் சாவகச்சேரியில் கழித்துப் பார்ப்பது என்று முடிவு. மிக நல்லது. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: மூன்று மாதத்துக்கு மேல் வெளியே தங்குவதாக இருந்தால் அவ்வளவுக்கும் மருந்தை ஜி.பி. எழுதித் தர மாட்டார், பதிவிலிருந்தும் பெயரை எடுத்துவிடலாம். போகும் முன் அவரிடம் பேசுங்கள். இங்கே அதே மருந்து என்ன பெயரில் கிடைக்கிறது என்றும் கேட்டு வையுங்கள்.

உறைந்த பென்சனை எதிர்த்து நாம் என்ன செய்ய முடியும் என்றும் கேட்கிறார். வாக்களிக்க முடியும். பதினைந்து ஆண்டுக்கு மேல் வெளிநாட்டில் இருந்த பிரித்தானியக் குடிமக்களுக்கு வாக்குரிமை இல்லை என்ற விதி 2024 ஜனவரியில் நீங்கிவிட்டது. எவ்வளவு காலம் ஆனாலும், கடைசியாக வசித்த தொகுதியில் இணையம் வழியே பதிவு செய்யலாம். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். லெஸ்டர், ஹாரோ, ஈஸ்ட் ஹாம், டூட்டிங் தொகுதிகளின் வாக்காளர்களாக யாழ்ப்பாணத்தில் எத்தனையோ பேர் இருக்கிறோம். நான் பதிவு செய்துவிட்டேன், தொகுதி உறுப்பினருக்குக் கடிதமும் எழுதியிருக்கிறேன். கடிதத்தின் வரைவு வேண்டியவர்கள் கேளுங்கள், தமிழிலும் ஆங்கிலத்திலும் அனுப்புகிறேன்.